ரெண்டு அடித் தொட்டிக்கு எத்தனை மீன்?
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கிற மகனுக்குப் பரீட்சை முடிந்ததும் மீன் தொட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் வாங்கியாச்சு. கோல்டு ஃபிஷ் நாலு, கப்பி பத்து, ஷார்க் ரெண்டு, கண்ணாடியைச் சுத்தம் பண்ண சக்கர் ஒன்று என்று அவன் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். கடைக்காரர் இருபத்தைந்து வரை தாராளமாக விடலாம் என்கிறார். உண்மையிலேயே எத்தனை விடலாம்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. சின்ன சாதி மீனாக எட்டு, மிஞ்சினால் பத்து. மகன் போட்ட பட்டியலில் கப்பி மட்டும்தான் இந்தத் தொட்டிக்குச் சரிப்படும், மற்ற மூன்றும் வேண்டாம். பிள்ளைக்கு வருத்தமாக இருக்கும், அதனால் காரணத்தையும் எழுதுகிறேன், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.

கடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குஞ்சுகள். விரல் நீளத்தில் இருக்கிற கோல்டு ஃபிஷ் ஒழுங்காக வளர்ந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரும். சக்கர் ஒரு அடியைத் தாண்டும், வளர வளர அது போடுகிற கழிவும் கூடும், அதனால் சுத்தம் பண்ண வந்ததே தொட்டியை அழுக்காக்கிவிடும். ஷார்க் என்று விற்பது சுறா இல்லை, ஒரு வகைக் கெளுத்தி. சாப்பாட்டுக்காகப் பண்ணைகளில் வளர்க்கிற மீன் அது, ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, அதை ஒரு அடி அகலத்தில் அடைத்தால் மிரண்டுபோய்க் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். "தொட்டிக்கு ஏத்தபடிதான் மீன் வளரும்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து நம்பாதீர்கள். மீன் குறுகிப் போகிறது என்றால் கெட்ட தண்ணீரிலும் நெருக்கடியிலும் அது கஷ்டப்படுகிறது என்று அர்த்தம்.

சரி, எட்டு எப்படி வந்தது? உங்கள் தொட்டி ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம், பெருக்கினால் 54 லிட்டர். அடியில் கல், மேலே விடுகிற ரெண்டு விரல் இடம் எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். நாலு லிட்டருக்கு ஒரு அங்குல மீன் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதன்படி மொத்தம் பதினோரு அங்குலம். கப்பி மாதிரி ஒன்றரை அங்குல மீனுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், ஏழெட்டு வரும். பெரிய மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் எடை எட்டு மடங்கு ஆகிறது, தின்பதும் கழிப்பதும் அந்த எடைக்குத் தகுந்தபடிதான்.

நான் லிட்டரை மட்டும் பார்ப்பதில்லை. மே மாதம், கத்திரி வெயில், ராத்திரி கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியும் வரவில்லை, அந்த நேரத்தில் உங்கள் தொட்டி எத்தனை மீனைத் தாங்கும்? அதுதான் நம் ஊருக்கான கணக்கு என்பேன். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரி ஆனால் ஏழரைதான். சூடு கூடக்கூட மீனுக்கோ மூச்சு அதிகம் தேவைப்படும். தொட்டியில் செடி வைத்திருந்தால் ராத்திரியில் அதுவும் ஆக்சிஜனை எடுக்கும். ஏர் பம்ப் ஓடுகிற வரைக்கும் இருபத்தைந்து மீனும் நன்றாகத்தான் தெரியும், நின்ற பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், விடியும்போது பாதி மிதக்கும். பம்ப் ஐந்து வாட்கூட எடுக்காது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சங்கதி ஒன்று. மீன் மூச்சு விடும்போதும் கழிக்கும்போதும் அம்மோனியா வெளியேறுகிறது, அது மீனுக்கே விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியேறுகிற பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாக, பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றைக்கே எட்டையும் கொட்டினால் அந்த இடைவெளியில்தான் சாகும், "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிற வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான். முதலில் மூன்று மட்டும் விட்டு, ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு இரை போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்து மிச்சத்தைச் சேருங்கள். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, குடிநீரில் இருக்கிற குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புதுத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கலாம் என்றால், ஆண் கப்பி எட்டு. அல்லது ஜீப்ரா டேனியோ ஆறு, அது கூட்டமாக நீந்துகிற மீன், ரெண்டு மூன்றாக விட்டால் சோர்ந்து கிடக்கும். ஃபைட்டர் என்கிற சண்டை மீன் மேல் ஆசை இருந்தால் அதற்குத் தனித் தொட்டி வேண்டும், கப்பியின் வாலைக் கடித்துக் குதறிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு. கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிகிறது. இதில் மீன் வளருமா, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: வளரும். மோலி, கப்பி, பிளாட்டி மூன்றுக்கும் உங்களுடையது மாதிரி தாது உப்பு கூடின கடினமான தண்ணீர் ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ராவைத் தொடாதீர்கள், அதற்கு மென்மையான, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். எண்ணிக்கையை ரெண்டு மூன்று குறைத்தே வையுங்கள். காரத்தன்மை கூடின தண்ணீரில், அதுவும் வெயில் காலத்தில், அதே அளவு அம்மோனியா அதிக விஷமாக வேலை செய்யும். தண்ணீர் வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது போதாது, ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிச் சேரும். எடுத்து மாற்றத்தான் வேண்டும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுவதும் தப்பு, அதில் மீனுக்குத் தேவையான தாது இருக்காது, போர் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு மூன்று கப்பி வாங்கினேன். இப்போது தொட்டி முழுக்கக் குஞ்சு, எண்ண முடியவில்லை. பாதியைத் தாமிரபரணித் தண்ணீர் ஓடுகிற கன்னடியன் கால்வாயில் விட்டுவிடலாமா?
- கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: விடவே கூடாது தம்பி. கப்பி தென் அமெரிக்கப் பக்கத்து மீன், போகிற இடத்தில் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். சக்கர் மீனை இப்படித்தான் இரக்கப்பட்டுக் குளத்தில் விட்டு விட்டு, இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. தாமிரபரணியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டை வகை நம் ஆற்றில் இருக்கிறது, அது இருக்கிற தண்ணீரில் நாம் தொட்டி மீனையும் அதன் நோயையும் கொண்டுபோய்க் கலக்கலாமா?

ஆணையும் பெண்ணையும் பிரிப்பதுதான் வழி. ஆண் மெலிந்து, வால் நிறமாக இருக்கும், வயிற்றுக்கு அடியில் உள்ள துடுப்பு குச்சி போல ஒல்லியாக இருக்கும். பெண் பருமன், வயிற்றில் கறுத்த அடையாளம் தெரியும். குஞ்சுகளை ஒரு மாதத்துக்குள் பிரிக்கப் பாருங்கள், அதற்கு மேல் விட்டால் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் பல மாதம் வரை மாதத்துக்கு ஒரு முறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே பிரித்த உடனே நிற்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். மிச்சத்தை மீன் கடையில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு, தொட்டி வைத்திருக்கிற நண்பர்களுக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஆணாகப் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பொங்கலுக்கு அவர்களும் கால்வாயைத்தான் யோசிப்பார்கள்.