பதினோராவது கேள்வி

அன்புள்ள ஐயா,

மல்டிமீடியா டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு நான்கு வேலைகள்: ஒரு போஸ்டர், 30 நொடி அனிமேஷன் வீடியோ, ஒரு செயலியின் மாதிரி, கடைசியாக இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரைப் பேட்டி எடுத்து ஒரு அறிக்கை. முதல் மூன்றையும் எப்படியோ முடித்துவிட்டேன். நான்காவதில் சிக்கிக்கொண்டேன்.

எழுத்தையும் படங்களையும் அசைய வைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ் வேலை செய்யும் ஒருவர் எனக்காக 40 நிமிடம் ஒதுக்கினார். 15 கேள்விகள் தயார் செய்துகொண்டு போனேன். ஆர்வம் வேண்டும், பயிற்சி வேண்டும், புதிதாக வருவதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிற மாதிரிதான் பதில்கள் வந்தன. கிளம்பும்போது, "காலேஜில் படிப்பது எதுவும் வேலைக்கு உதவாது. சாஃப்ட்வேரை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், போதும்" என்றார். இரண்டு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது. எழுத்து பின்னணியிலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கும் கான்ட்ராஸ்ட் விகிதம், பார்வை குறைந்தவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அக்ஸஸிபிலிட்டி என்று நாங்கள் நிரப்புகிற படிவங்களெல்லாம் வீண்தானா? பேட்டியில் ஒன்றுமே கிடைக்காதபோது அறிக்கையில் என்ன எழுதுவது? பதில்களை ஏஐயிடம் கொடுத்து விரித்து எழுதி வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். பேட்டியின் எழுத்து வடிவத்தையும் என் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

எம்.

*

அன்புள்ள எம்,

இரண்டையும் பார்த்தேன். பேட்டியை மூன்று முறை படித்தேன். ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைத்திருக்கிறது, அதை நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பதினோராவது கேள்விக்கு அவர் சொன்னதை மறுபடி படியுங்கள்.

"கிளையன்ட் ஃபீட்பேக்கை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். "பொறுமை வேண்டும்" என்று தொடங்குகிறார். அடுத்து, "போன மாதம்கூட ஒரு வீடியோ, கடைசி ஆறு நொடியை மட்டும் நான்கு தடவை மாற்றினேன்" என்கிறார். அதற்குக் கீழே உங்கள் வரி: "சூப்பர் சார். அடுத்த கேள்வி, இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?"

தன் மேசை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் ஒரு நாற்காலியை அவர் இழுத்துப் போட்ட இடம் அது. நீங்கள் உட்காரவில்லை. பட்டியலில் இன்னும் நான்கு மீதமிருந்தன, நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. புரிகிறது.

அந்த ஆறு நொடியில் என்னென்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வடிவம் எப்படி இருந்தது? யார் வேண்டாமென்றார்கள், என்ன சொல்லி வேண்டாமென்றார்கள்? வாய்ஸ் ஓவர் நீண்டு லோகோவின் நேரத்தைத் தின்றுவிட்டதா? தொலைபேசி எண்ணைப் படித்து முடிப்பதற்குள் திரை இருண்டுவிட்டதா? நான்காவதோடு நின்றது சரியாகிவிட்டதாலா, கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டதாலா? எல்லாவற்றையும்விட எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பது வேறொன்று. கிளையன்ட் சொன்ன குறையும் வீடியோவில் உண்மையாக இருந்த குறையும் ஒன்றுதானா? "மியூசிக் சரியில்லை" என்பார்கள். தேடிப் போனால் இசையில் ஒன்றும் இருக்காது, படங்கள் மாறுகிற வேகம் அதோடு ஒட்டாமல் இருக்கும். "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வேண்டும்" என்பார்கள். எழுத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாததுதான் குறையாக இருக்கும். சொன்ன குறையிலிருந்து உள்ள குறைக்குப் போய்ச் சேர்வது இந்தத் தொழிலில் பாதி. அந்தப் பாதியை அவர் உங்களுக்குச் சொல்ல வாயெடுத்தார்.

மற்ற 14 கேள்விகளையும் பாருங்கள். வெற்றியின் ரகசியம் என்ன, எது உங்களை ஊக்குவித்தது, இந்தத் துறையின் எதிர்காலம் எப்படி? இவற்றுக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். இந்த மனிதர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகப் பதில் வந்தது.

ஜான் ஃபிளனகன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படைக்காக வேலை செய்தவர். விமானப் பயிற்சியில் தேறாதவர்களைப் பற்றி எழுதிவைத்திருந்த காரணங்களை ஆராய்ந்தபோது, இயல்பான திறமை இல்லை, முடிவெடுக்கும் பக்குவம் போதாது என்பது போன்ற தேய்ந்துபோன சொற்கள்தான் நிறைய இருந்தன. அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லும் வழிக்குப் போனார்கள். என்ன நடந்தது, அப்போது யார் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று? 1954-ல் ஃபிளனகன் எழுதிய கட்டுரை இந்த முறையை விரிவாக விளக்குகிறது. இன்று மருத்துவம், கல்வி, வடிவமைப்பு என்று பல துறைகளில் பேட்டி எடுப்பவர்கள் இதைக் கையாள்கிறார்கள். குணத்தைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வது வழக்கம். போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு யாராலும் ஆர்வம் வேண்டும் என்று பதில் சொல்ல முடியாது.

அவர்மீது தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லச் சொன்னால் யாருக்கும் பொதுவான சொற்கள்தான் வரும். விளக்க வீடியோக்களுக்குச் சில ஆண்டுகள் நான் உரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடிட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, என் வரிகள் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள், தாளத்தின் அடி விழும் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த ஒரு தலைப்பை அவர் இரண்டு ஃபிரேம் முன்னால் இழுத்தார். ஏன் என்று கேட்டேன். "இப்பதான் சரியா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. பழைய இடத்தில் வைத்து ஒருமுறை ஓட்டினார், புதிய இடத்தில் வைத்து ஒருமுறை ஓட்டினார். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படங்கள், ஓடும் வீடியோவில் இரண்டு ஃபிரேம் என்றால் 0.08 நொடி. முதல் தடவை தலைப்பு தாளத்தைத் துரத்திக்கொண்டு வருவதுபோலத் தெரிந்தது. இரண்டாவது தடவை இரண்டும் சேர்ந்து விழுந்தன. காது சட்டென்று வாங்கிக்கொள்கிறது, கண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அவர் விளக்கவே இல்லை, காட்டினார். நல்ல எடிட்டிங் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் அவரும் பயிற்சி, பொறுமை என்றுதான் சொல்லியிருப்பார்.

பழந்தமிழில் கேள்வி என்ற சொல் செவிவழியாகப் பெறும் அறிவையும் குறிக்கும். நீங்கள் 15 வினாக்களைக் கொண்டுபோனீர்கள். கேள்விக்கு நேரமில்லாமல் போயிற்று.

இனி உங்களை உறுத்துகிற அந்த வாக்கியம். காலேஜில் படிப்பது எதுவும் உதவாது, சாஃப்ட்வேர் போதும். இதை நான் ஏற்கவில்லை. ஃபிளாஷ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. 1996-ல் பிறந்தது. வலைத்தளங்களின் அனிமேஷனும் விளையாட்டுகளும் பல ஆண்டுகள் அதில்தான் ஓடின, ஒரு தலைமுறை மல்டிமீடியா மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தியது. சாஃப்ட்வேர் மட்டுமே தெரிந்தவருக்கு அதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஒரு பந்து தரையைத் தொடுவதற்குமுன் எப்படி வேகம் பிடிக்கும், உச்சியில் எப்படித் தயங்கி நிற்கும் என்று அதில் கற்றவர்கள் அடுத்த சாஃப்ட்வேருக்கு அதை எடுத்துக்கொண்டு போனார்கள். கீஃப்ரேம் என்ற கருத்தே கணினியைவிட மூத்தது. காகிதத்தில் வரைந்த காலத்தில், அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார், இடைப்பட்டவற்றை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். இன்று அந்த உதவியாளரின் வேலையை சாஃப்ட்வேர் செய்கிறது. எந்த நிலை முக்கியம் என்று முடிவெடுக்கும் வேலை உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் சலித்துக்கொண்ட கான்ட்ராஸ்ட் படிவத்துக்கு வருவோம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் வேண்டும் என்று எழுதியிருக்கும். வலை அணுகல் வழிகாட்டியில் அந்த 4.5 எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் சொன்னார்களா? நல்ல பார்வை உள்ளவருக்கு 3-க்கு 1 குறைந்தபட்ச அளவு. பார்வைக் கூர்மை 20/40 ஆகக் குறைந்தவருக்கு, அதாவது மற்றவர்கள் 40 அடியில் படிப்பதை 20 அடியில்தான் படிக்க முடிகிறவருக்கு, அதைப்போல ஒன்றரை மடங்கு தேவைப்படுகிறது. 3-ஐ 1.5-ஆல் பெருக்கினார்கள். 80 வயதை ஒட்டியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த 20/40 பார்வைதான் இருக்கிறது என்பதும் அதே வழிகாட்டியின் விளக்கத்தில் இருக்கிறது. ஆக அந்தப் படிவத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நொடிக்குள் மூன்று தடவைக்கு மேல் திரை மின்னக் கூடாது என்று இன்னொரு வரி இருக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சிக்குப் பிறகு, 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வரியை யாரும் சலிப்போடு டிக் செய்ய மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லித்தராமல் படிவத்தை மட்டும் நீட்டினால் அது வீண்போலத்தான் தெரியும். அந்தக் குறை பாடத்திட்டத்தில் இல்லை, அதை நடத்துகிற விதத்தில் இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். படிப்பில் ஃபைலைக் கொடுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது, மதிப்பெண் வருகிறது, நீங்கள் அடுத்ததற்குப் போகிறீர்கள். அவருக்கு ஃபைலைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. முதல் கரெக்‌ஷன், இரண்டாவது, மூன்றாவது. தான் மூன்று இரவு உழைத்த ஒன்றை இன்னொருவர் ஒரே வரியில் தள்ளும்போது, அந்த வரியில் நியாயம் இருக்கிறதா என்று அமைதியாகத் தேடுவதற்கு வகுப்பில் இடமே வருவதில்லை. அவருக்கு இதைச் சொல்லத்தான் சொல் கிடைக்காமல் "எதுவும் உதவாது" என்று வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். அவரிடமே கேட்கலாம்.

ஆம், மறுபடி போகச் சொல்கிறேன். 20 நிமிடம் போதும் என்று சொல்லுங்கள். அந்த ஆறு நொடியின் ஃபைலைத் திறந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். கிளையன்டின் வேலையை வெளியே காட்டக் கூடாது என்ற ஒப்பந்தம் இருக்கலாம். இருந்தால் வற்புறுத்த வேண்டாம், ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ஏதாவது பழைய வேலையைக் கேளுங்கள். டைம்லைன் திறந்ததும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் லேயர்களைப் பாருங்கள். சிலவற்றில், திரையில் தெரியாதபடி, கண் குறி அணைக்கப்பட்டிருக்கும். அவை கைவிடப்பட்ட வடிவங்கள், அழிக்க மனம் வராமல் மூடி வைத்தவை. ஒவ்வொன்றையும் காட்டி, இதை ஏன் மூடினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் மவுஸை நகர்த்தியபடி யோசிக்கும் அந்தப் பத்து நொடி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதை நிரப்ப வேண்டாம்.

ஏஐயைப் பற்றி. விரித்து எழுதித் தரச் சொன்னால் தரும், அழகாகவும் இருக்கும். ஆனால் விரிந்த அந்தப் பகுதி அவர் சொன்னது இல்லை, அவர் பெயருக்குக் கீழே அது இருக்கும். நேரம் ஒதுக்கிப் பேசிய ஒரு மனிதருக்கு அதைச் செய்யக் கூடாது. அவருடைய தயக்கத்தையும் பாதியில் நின்ற வாக்கியங்களையும் அப்படியே எழுதுங்கள். பேச்சில் கலந்து வந்த தொழில் சொற்களையும் மாற்ற வேண்டாம். முதல் சந்திப்பில் எதைத் தவறவிட்டீர்கள் என்பதையும் அறிக்கையில் சேருங்கள். திருத்துபவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் நின்று படிப்பார்.

கடைசியாக உங்கள் வீடியோ. ஹெட்ஃபோன் சத்தத்தால் காது கெடுவதைப் பற்றி இவ்வளவு அமைதியான நிறங்களில் சொல்லத் தோன்றியது எனக்குப் பிடித்தது. ஒன்பதாவது நொடியில் 'கேள்' என்ற சொல் எழுத்தெழுத்தாக வருகிறது. முதலில் 'க' வந்து நிற்கிறது. அடுத்த கணம் அதன் இடப்பக்கம் கொம்பு முளைக்க, 'க' துள்ளி வலப்பக்கம் நகர்கிறது. 'ள' வந்து நின்ற பிறகு தலையில் புள்ளி விழுகிறது. நாம் கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க' எழுதுகிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'க' முன்னாலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. சாஃப்ட்வேர் சேமித்த வரிசையில் காட்டுகிறது, கண் எழுதிய வரிசையில் எதிர்பார்க்கிறது. அந்தத் துள்ளலை நீங்களும் கவனித்திருப்பீர்கள், எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இதே சிக்கல் அவருக்கும் வந்திருக்கும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக் கையால் பிரித்து அடுக்கினாரா, மாஸ்க் என்ற மறைப்பைப் போட்டுச் சொல்லை முழுதாகத் திறந்தாரா, வேறு ஏதாவது வழி வைத்திருக்கிறாரா? மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போங்கள். எதையும் கேட்பதற்கு முன்னால் அந்த ஒன்பதாவது நொடியை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்.