பெயர் ராஜேந்திரன், நம்பர் டிராவல்ஸ்காரருடையது

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சிங்கப்பூரில் வேலை. ஊருக்கு வந்துபோகும்போது திருச்சி ஏர்போர்ட்டில் இரண்டு முறை என்னைத் தனியே உட்காரவைத்து விசாரித்தார்கள். பழைய விமானக் கடத்தல் வழக்கொன்றில் தேடப்படுகிறவர் பெயரும் ராஜேந்திரன்தானாம். டிக்கெட்டெல்லாம் ஊர் டிராவல்ஸ்காரர்தான் போடுவார். பயணிகள் பதிவில் எதைத் தேடுகிறார்கள்? நான் என்ன செய்யட்டும்?

பதில்: டெல்டாவில் ஓடுகிற எந்த பஸ்ஸிலும் ஏறி ‘ராஜேந்திரா’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் திரும்புவார்கள். பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்பது விசாரிப்பவர்களுக்கும் தெரியும்.

1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ‘டான் கூப்பர்’ என்று பெயர் சொல்லி, காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார் ஒருவர். அடையாள அட்டை கேட்காத காலம். விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, பாராசூட்டில் குதித்துவிட்டார். போலீஸ் அதே ஊரில் டி.பி. கூப்பர் என்றிருந்த ஒருவரை விசாரித்து, அவர் இல்லை என்று விட்டுவிட்டது. பத்திரிகைகளோ அந்தப் பெயரையே கடத்தல்காரருக்குச் சூட்டிவிட்டன; இன்றும் அது மாறவில்லை. எஃப்.பி.ஐ. 2016இல் தேடுவதை நிறுத்தியது, ஆள் யாரென்று தெரியாமலே.

இன்று பெயர் ஒரு நுனிதான். டிக்கெட்டில் இருக்கும் ஆறு எழுத்து பதிவு எண்ணான பி.என்.ஆருக்குப் பின்னால் போன் நம்பர், பணம் கட்டிய விதம், டிக்கெட் போட்ட ஏஜென்ட், கூடப் பயணித்தவர்கள், சீட், லக்கேஜ், நடுவில் செய்த மாற்றங்கள் எல்லாம் கிடக்கும். இந்தியாவில் 2022இல் வந்த விதிகளின்படி விமான நிறுவனங்கள் இதைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத் துறைக்கு அனுப்ப வேண்டும், ஐந்தாண்டு வைத்திருப்பார்கள். தனி வழக்கென்றால் போலீஸ், பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் விமான நிறுவனத்திடமே ஆவணம் கேட்கலாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் டிராவல்ஸ்காரர்தான். நம் பக்கத்து ஏஜென்ட்கள் பலர் எல்லா டிக்கெட்டிலும் தங்கள் செல் நம்பரையே போடுவார்கள். ‘லேட்டானா எனக்கு மெசேஜ் வரும், நான் சொல்லிடறேன்’ என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் நம்பரைத் தட்டித் தேடினால், முன்பின் தெரியாத ஐம்பது பேரோடு நீங்களும் ஒரே கொத்தாக வந்து விழுவீர்கள்.

அடுத்தது பெயர் வரிசை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் கோவிந்தசாமி என்றிருந்தால், டிக்கெட்டில் அதுதான் முதலில் நிற்கும். ஒரு தடவை அப்படியும் மறுதடவை ‘ஜி. ராஜேந்திரன்’ என்றும் போட்டால், பதிவில் நீங்களே இரண்டு ஆள்.

ஆகவே டிக்கெட் கைக்கு வந்ததும் பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உங்கள் நம்பரையும் மெயிலையும் போடச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும்தான் உங்களை அந்த இன்னொரு ராஜேந்திரனிடமிருந்து பிரிப்பவை. அதனால் பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் கையில் வைத்திருங்கள். நிறுத்தப்பட்ட இரண்டு தேதிகள், விமான எண், பாஸ்போர்ட் நகல் வைத்துக் குடியேற்றத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டின் நகலைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே செருகிவிடுங்கள். பெட்டிக்குள் போட்டால் அது கவுன்டரோடு போய்விடும்.