இடுப்பு வலிக்கு 60 நாள் நரம்புத் தூண்டல்: செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர் தன் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, மகனோடு சிகாகோவில் இருக்கிறார், எட்டு வருடமாகக் கீழ்முதுகில் வலி. மாத்திரை, பிசியோ, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது வலி மருத்துவர், நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி வைத்து 60 நாள் மின்தூண்டல் கொடுத்து அப்புறம் எடுத்துவிடலாம் என்கிறாராம். கரண்ட் என்றதுமே அம்மா பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் செய்துகொண்டேன். கம்பியை எடுத்து 14 மாதம் ஆகிறது. பலன் கிடைத்தது, முழுதாக இல்லை. அம்மா பயப்படுகிற விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்லாத வேறு சில சிரமங்கள் இருக்கின்றன, அதையெல்லாம் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஓஹையோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆறு வருடமாக வலி, இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் ஒரே குடைச்சல், காலுக்கு இறங்காது. காலுக்கு இறங்காது என்பதை முதலில் கவனியுங்கள், ஏனென்றால் டிஸ்க் நரம்பை அழுத்தி அதனால் காலில் சுள்ளென்று இழுக்கும் வலி வேறு வகை, முதுகெலும்பின் பின்பக்கத்துச் சின்ன மூட்டுகளிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் வலி வேறு வகை. எனக்கு இரண்டாவது. அம்மாவுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சின்ன மூட்டுகளின் வலியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புக்கு மீடியல் பிராஞ்ச் என்று பெயர். வழக்கமான சிகிச்சை, அந்த நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் சுட்டுவிடுவது. எனக்கும் ஒரு தடவை செய்தார்கள், எட்டு மாதம் நன்றாக இருந்தேன். சுட்ட நரம்பு மெல்ல வளர்ந்ததும் வலியும் திரும்பி வந்துவிட்டது. மறுபடி சுடலாம் என்றார்கள். புதிதாகப் பார்த்த வலி மருத்துவர்தான் ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். அதே நரம்புதான் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் மல்டிஃபிடஸ் என்கிற ஆழத் தசைக்கும் கட்டளை கொண்டுபோகிறது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே இளைத்துப் போயிருக்கும், எம்ஆர்ஐ படத்தில் தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். நரம்பைச் சுட்டால் வலிச் செய்தி நிற்கும், கூடவே தசைக்குப் போகிற கட்டளையும் நிற்கும். தூண்டல் அதற்கு நேர் எதிர், நரம்பை உயிரோடு வைத்துக்கொண்டு அதன் வழியாகவே தசையை வேலை செய்ய வைப்பது. எனக்கு அந்த விளக்கம் மனதுக்குச் சரியென்று பட்டது.

மின்சாரம் வலியைக் குறைக்கும் என்பது புதிய கதை இல்லை. குழந்தை முட்டியில் அடிபட்டு ஓடிவந்தால் நாம் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், அழுகை குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தொடு உணர்வு கொண்டுவரும் நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையும் கதவு ஓரளவு சாத்தப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள், முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசி வைத்துச் சோதித்துக்கொண்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவர்கள் தங்கள் உடம்பில்தான் முதலில் வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவோ தைரியம் வந்தது.

இப்போது அமெரிக்காவில் 60 நாள் என்று சொன்னால் பெரும்பாலும் அது ஸ்பிரிண்ட் என்ற கருவியாகத்தான் இருக்கும். கிளீவ்லாண்ட் நகரத்து எஸ்பிஆர் தெரப்யூடிக்ஸ் தயாரிப்பு, 2016-இல் எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதி கிடைத்தது. இதற்கு முன்னோடியான ஆராய்ச்சி அதே ஊரில் பக்கவாதம் வந்தவர்களின் தோள் வலிக்காக நடந்தது. 61 பேரை வைத்துச் செய்து 2005-இல் வெளியிட்டார்கள், தினம் 6 மணி நேரம் 6 வாரம் தூண்டல். பலன் கண்டவர்கள் 63 சதவீதம், தோளுக்குத் தூக்குக்கட்டு மட்டும் போட்டவர்களில் 21 சதவீதம். தூண்டலை நிறுத்தி மாதக்கணக்கில் ஆன பிறகும் வலி குறைவாகவே இருந்தது என்பதுதான் அதில் பெரிய விஷயம், தற்காலிகமாக வைத்து எடுத்தாலே போதும் என்ற எண்ணத்துக்கு அதுவே ஆதாரம்.

சரி, கம்பி வைக்கிற அன்றைக்கு என்ன நடக்கும்? குப்புறப் படுக்க வைத்தார்கள். மயக்கமருந்து கிடையாது, தோலை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள், ஏனென்றால் நான் விழித்திருந்து பதில் சொல்லவேண்டும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டு, கொஞ்சம் மின்தூண்டல் கொடுத்து 'எங்கே தெரிகிறது?' என்று கேட்டார்கள். முதலில் தோலில் குறுகுறுத்தது, இல்லை என்றேன். கொஞ்சம் நகர்த்தினார்கள். திடீரென்று எனக்கு வலிக்கிற அதே இடத்தில், ஆழத்தில், யாரோ கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விடுவது போல இருந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆறு வருடமாக யார் கையும் எட்டாத இடம் அது. திரையில் அந்தத் தசை துடிப்பதை நர்ஸ் காட்டினார். அப்புறம் ஊசியை உருவிவிட்டுக் கம்பியை மட்டும் உள்ளே விட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கம்பி என்றால் மின்சார ஒயர் மாதிரி நினைக்காதீர்கள். முடி போன்ற மெல்லிய இழையை ஸ்பிரிங் போலச் சுருட்டியிருப்பார்கள், நுனியில் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கொக்கி. சுருளாக இருப்பதால் உடம்பு அசையும்போது கம்பி உள்ளே வெளியே என்று போய்வராமல் நீண்டு கொடுக்கும், அதனால் கிருமி நுழைவதும் குறைவு. சுருள் கம்பிகளில், எல்லா நோயாளிகளுக்கும் கம்பி உள்ளே இருந்த நாட்களைக் கூட்டினால் 30,000 நாளுக்கு ஒரு தொற்று என்பது 2017-இல் வந்த ஒரு மதிப்பீடு. கம்பியின் வெளி நுனி தோலில் ஒட்டியிருக்கும் சின்னக் கருவியோடு இணையும், கையில் ஒரு ரிமோட். இடுப்புக்கு வினாடிக்கு 12 துடிப்பு வைத்தார்கள், தசை மெல்ல இறுகி விடுகிற வேகம். ஷாக் அடிப்பது போல எதுவும் கிடையாது, சுகமாக இருக்கிற அளவுக்கு நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இனிச் சிரமங்கள். 60 நாளும் தொட்டிக் குளியல், நீச்சல் எல்லாம் மறந்துவிட வேண்டும், குளிக்கும் முன் கருவியைக் கழற்றிவிட்டுக் கம்பி இருக்கும் இடத்தை மூடிக்கொள்ள வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சாவகாசமாகக் குளித்துப் பழகிய நமக்கு இது பெரிய கஷ்டம். கம்பி இருக்கும் இடத்தின் மேல் போடும் பேண்டேஜ் கட்டு முதுகில் இருப்பதால், அதை மாற்ற நம் கை எட்டாது. என் வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு தடவையும் கை கழுவி, கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார். தனியாக இருப்பவர்கள் இதற்கு ஏற்பாடு செய்யாமல் சம்மதிக்கவே கூடாது. ஒரு நாள் அவசரத்தில் பேண்ட்டின் எலாஸ்டிக்கில் கம்பி மாட்டி இழுபட்டுவிட்டது, நல்லவேளை நகரவில்லை, அன்றிலிருந்து தளர்வான நைட்டிதான், கம்பியை ஒரு வளையமாக மடித்து ஒட்டிவைப்பேன். பசை ஒட்டிய இடம் அரித்தது, ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சமாளித்தேன். அம்மாவுக்கு பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், அலர்ஜி இருந்தால் இதை வைக்கவே மாட்டார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும் வைக்க மாட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். கம்பி உள்ளே இருக்கும் வரை எம்ஆர்ஐ கூடாது.

எடுக்கும்போது சிலருக்குக் கம்பி அறுந்து துண்டு உள்ளே நின்றுவிடுவது உண்டு. பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கிற இடத்தில் சொல்லவேண்டும், அதனால் வெளியே வந்த கம்பி முழுசா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் முழுதாக வந்தன, ஐந்து நிமிட வேலை.

பலன் எப்படி வந்தது என்றால், முதல் வாரம் கருவி ஓடும்போது மட்டும் இதம், நிறுத்தினால் பழைய குடைச்சல். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினேன். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி இட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவள், 20 சப்பாத்தி முடிந்த பிறகுதான் நாற்காலியைத் தேடவில்லை என்று கவனித்தேன். பத்துக்கு 7 என்று எழுதிக்கொண்டிருந்த வலி, கம்பி எடுக்கும்போது 2. இப்போது 3, நீண்ட ஷிஃப்ட் நாளில் 4. இந்த நிலையே எனக்குப் பெரிய வரம், ஆனால் 0 ஆகவில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்த பிறகும் ஏன் பலன் நிற்கிறது? நாள்பட்ட வலியில் மூளையும் தண்டுவடமும் சின்னச் செய்தியைக்கூடப் பெரிய வலியாக வாசிக்கப் பழகிவிடுகின்றன, இரண்டு மாதம் தொடர்ந்து ஆரோக்கியமான செய்தி போனால் அந்தப் பழக்கம் மாறுகிறது என்பது கருதுகோள். ஆகவே அந்த 60 நாளும் சிகிச்சை நாள்தான். கருவியை ஒட்டிக்கொண்டு படுத்தே கிடந்தால் வீண். நடக்கவேண்டும், முடிந்தபின் பிசியோ தொடரவேண்டும். நான் இன்றும் தினம் 20 நிமிடம் செய்கிறேன்.

எத்தனை பேருக்குப் பலிக்கும்? தயாரிப்பாளரின் பதிவுகளிலிருந்து 2023-இல் வந்த ஆய்வில் 6,160 பேரில் 71 சதவீதம் பேர் வலி பாதியாகக் குறைந்தது அல்லது வாழ்க்கை மேம்பட்டது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பொய்ச் சிகிச்சைக் குழு இல்லாத கணக்கு அது, அதனால் நான் அதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். எனக்கு நம்பிக்கை கொடுத்தது 2019-இல் கால் இழந்தவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. 28 பேரைச் சேர்த்துக் கம்பி வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நிஜத் தூண்டல், கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 26 பேர். முதல் நாலு வாரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள் நிஜக் குழுவில் 12 பேரில் 7, பொய்க் குழுவில் 14 பேரில் 2. முழங்கால் மாற்றிய பிறகும் வலி போகாதவர்களுக்கும் இப்படி ஒரு ஆய்வு 2024-இல் வந்து, நிஜக் குழுவில் 60 சதவீதம், பொய்க் குழுவில் 24 சதவீதம் என்று முடிந்தது. எல்லாமே சின்னக் குழுக்கள்தான், இருந்தாலும் வெறும் மனப்பிராந்தி இல்லை என்று சொல்லப் போதுமானது.

கடைசியாகக் காசு விஷயம், எனக்கு வலியைவிட அதிகம் கோபம் வந்தது இதில்தான். என் காப்பீட்டுக் கம்பெனி இது இன்னும் சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று முதலில் மறுத்துவிட்டது. டாக்டர் கடிதம், பிசியோ செய்த தேதிகள், ஊசி போட்ட பதிவுகள் எல்லாம் சேர்த்து மேல்முறையீடு செய்து நாலு மாதம் ஓடியது. அம்மாவுக்கு 65 ஆகாததால் வயதுக்கான மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு கிடைக்காது, அவர் விசிட்டர் இன்சூரன்ஸில் இருக்கிறார் என்றால் பழைய நோய்க்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். அதனால் முன் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் தேதி குறிக்காதீர்கள்.

அம்மா பயப்படுவது கரண்ட்டுக்குத்தான் என்றால், பிசியோவில் தோல்மேல் ஒட்டும் டென்ஸ் கருவியை ஒரு அரைமணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது வேலை செய்யும் ஆழம் வேறு, ஆனால் மின்தூண்டல் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். அப்புறமும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், 60 நாள் கட்டோடு வாழப்போவது அவர்தான். முதல் தடவையாக நரம்பைச் சுடுவது பற்றியும் பேச்சு நடக்கிறது என்றால் மட்டும், எதை முதலில் செய்வது என்று டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். நான் அந்தக் கேள்வியை இரண்டு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.