தோட்டத்த வித்து சீட்டு வாங்காதீங்கக்கா, பொண்ணு கேக்குறது வேற

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா, நீட்ல கவர்மெண்ட் சீட்டு கிடைக்கிற அளவுக்கு மார்க் வரல, பெரியப்பா தோட்டத்த வித்தாவது டீம்டு யுனிவர்சிட்டில எம்பிபிஎஸ் சேத்துடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறார், சித்தி வீட்டுல வெளிநாட்டுக்கு அனுப்புங்கறாங்க, பொண்ணு மட்டும் பயோகெமிஸ்ட்ரி படிச்சு ரிசர்ச்சுக்குப் போறேன்னு பிடிவாதமா இருக்கா. "நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க"ன்னு முடிச்சிருக்காங்க.

அக்கா, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு ரெண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம், ஆனா பெரியப்பா சொல்ற கணக்கப் பாத்த பிறகு மனசு வரல. டீம்டுல வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல கேக்குற இடங்கள் இருக்கு, ஹாஸ்டல் மெஸ் எல்லாம் சேந்தா மொத்தம் கோடியத் தாண்டும். அதோட முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல, வெறும் எம்பிபிஎஸ்ஸோட யாரும் நிக்கிறதில்ல, பிஜி சீட்டுக்கு மறுபடியும் நீட், மறுபடியும் அதே பெரியப்பா, அப்ப விக்க எந்தத் தோட்டம் இருக்கும்? வெளிநாடு போய் படிச்சுட்டு வர்றவங்க இங்க டாக்டரா வேலை பாக்க எழுதுற எஃப்எம்ஜிஇ பரிட்சைல பாஸ் ஆகுறவங்கள விட ஃபெயில் ஆகுறவங்க அதிகம், அத சித்திகிட்ட ஏஜெண்ட் சொல்லியிருக்க மாட்டான். இன்ஜினியரிங், நர்சிங், பிசியோ பத்தியெல்லாம் நான் பேசப் போறதில்ல, அத சொல்ல உங்க தெருவுலயே பத்துப் பேர் இருப்பாங்க.

உங்க லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க. தாய்மாமாவுக்கு கணையத்துல வீக்கம் வந்து ஆஸ்பத்திரில கிடந்தப்ப, "குடிக்கவே குடிக்காத மாமாவுக்கு இது ஏன் வந்துச்சு"ன்னு இவ டாக்டரப் போட்டுக் குடைஞ்சு எடுத்துட்டா, எல்லார் முன்னாடியும் மானம் போச்சுன்னு. எனக்கு அந்த வரிதான்க்கா முக்கியமாப் பட்டுச்சு.

கணையம் டிரிப்சின்னு ஒரு என்சைம் செய்யுது, வேலை செய்யாத ரூபத்துல செஞ்சு குடலுக்கு அனுப்பும், அங்க போனதுக்கு அப்புறம்தான் அது முழிச்சுக்கிட்டு சாப்பாட்டுல இருக்குற புரோட்டீன வெட்டணும். சில பேருக்கு அது கணையத்துக்குள்ளயே முழிச்சுக்கும், அப்புறம் கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிச்சுடும். அப்படி நடக்காம இருக்க ஸ்பிங்க்1னு ஒரு பிரேக்கும் உடம்புலயே இருக்கு. கேரளாவுலயும் நம்ம பக்கமும் குடிப்பழக்கமே இல்லாத சின்ன வயசுக்காரங்களுக்கு வர்ற கணைய நோய்க்கு ரொம்ப காலமா மரவள்ளிக்கிழங்கு மேலதான் பழியப் போட்டுட்டு இருந்தாங்க. 2002ல ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல இருந்த விஞ்ஞானிகள் நோயாளிகளோட டிஎன்ஏவப் பாத்து, நிறைய பேருக்கு இந்த ஸ்பிங்க்1 ஜீன்லயே மாற்றம் இருக்குன்னு எழுதினாங்க. மாமாவுக்கு வந்தது அதுதான்னு நான் சொல்லல, அத அவரோட டாக்டர்தான் சொல்லணும். ஆனா உங்க பொண்ணு கேட்ட கேள்வி இருக்கே, அதக் கேக்குறதயே வேலையா வச்சிருக்குற ஆளுங்க இருக்காங்க, சம்பளமும் வாங்குறாங்க.

இந்த புரோட்டீன் வெட்டுற என்சைம்களுக்குப் பேரு புரோட்டியேஸ். மட்டன் வேகலன்னா பப்பாளிக்காய் துண்டு போடுறீங்கல்ல, அதுல இருக்குற பப்பெயின் ஒரு புரோட்டியேஸ், நம்ம செல்லுக்குள்ள இருக்குற கதெப்சின்ங்கற என்சைம்கள்ல பலதும் அதே குடும்பம்தான். மனுஷ ஜீன்கள்ல 500க்கு மேல இந்த வெட்டுற வேலைக்குன்னே இருக்கு. ரத்தம் உறையறது, காயம் ஆறுறது, செல் சாகுறது எல்லாத்துலயும் இவங்க கை இருக்கு, அளவு மீறினா நோய். நுரையீரல்ல எலாஸ்டேஸ்ங்கற புரோட்டியேஸ் அடங்காமப் போனா எம்பிசிமாங்கற மூச்சுத்திணறல் நோய்.

உங்க வீட்டு மாத்திரை டப்பாவத் தொறந்து பாருங்க. பிரஷருக்கு ராமிப்ரில் இருந்தா, அதோட மூத்த அண்ணன் காப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பு விஷத்துல இருந்து கிடைச்ச துப்ப வச்சு செஞ்சது, 1981ல அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு, ஏசிஇங்கற வெட்டுற என்சைமத் தடுக்குறதுதான் அதோட வேலை. சுகருக்கு சிட்டாகிளிப்டின் இருந்தா அது டிபிபி-4ங்கற இன்னொரு வெட்டுற என்சைமத் தடுக்குது, 2022ல நம்ம நாட்டுல பேட்டன்ட் முடிஞ்சதும் எத்தன கம்பெனி செய்ய ஆரம்பிச்சு விலை எவ்ளோ இறங்குச்சுன்னு மெடிக்கல் ஷாப்காரரக் கேளுங்க. எச்ஐவி வைரஸ் வளர அதுக்குன்னு ஒரு புரோட்டியேஸ் வேணும், அதத் தடுக்குற முதல் மருந்து சாக்வினாவிர் 1995 டிசம்பர்ல வந்துச்சு, வேற மருந்துகளோட சேத்துக் குடுத்தப்புறம்தான் எய்ட்ஸ் சாவு சரசரன்னு இறங்குச்சு. கொரோனாவுக்கு வந்த பாக்ஸ்லோவிட்டும் இதே வழிதான்.

எல்லாமே ஜெயிச்ச கதை இல்ல, அதையும் பொண்ணுகிட்ட சொல்லுங்க. கேன்சர் பரவ எம்எம்பிங்கற புரோட்டியேஸ்கள் வழி வெட்டிக் குடுக்குதுன்னு 90கள்ல அதையெல்லாம் மொத்தமாத் தடுக்குற மருந்துகள நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க, கேன்சர் அடங்கல, மூட்டு வலிதான் வந்துச்சு. அப்புறமா பாத்தா அந்தக் கூட்டத்துல சிலது கட்டிய எதிர்த்து நம்ம பக்கம் நின்னதாம். கோடிக்கணக்குல செலவு, பல வருஷ உழைப்பு, எல்லாம் போச்சு. ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்கவே இன்னொரு கூட்டம் வேலை பாத்துச்சு.

இந்த ரிசர்ச்ல தினசரி வேலை எப்படின்னா, ஜெலாட்டின்ங்கற புரோட்டீன் கலந்த ஜெல்லுல சாம்பிள ஓட்டி, ராத்திரி முழுக்க 37 டிகிரில ஊற வச்சு, காலைல நீலச் சாயம் போட்டுக் கழுவினா, என்சைம் வெட்டுன இடம் மட்டும் நீலம் பிடிக்காம வெள்ளைக் கோடாத் தெரியும். தெரியலன்னா மறுபடியும் முதல்ல இருந்து. இப்படி ஆறு மாசம் வெள்ளைக் கோடே வராம இருந்தா தாங்குவாளான்னு அவளக் கேளுங்க, எந்தக் கோச்சிங் சென்டர் டெஸ்ட்ட விடவும் எனக்கு அந்த பதில் போதும்.

இப்ப வழி. ஐசர்னு சயின்ஸ் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனங்கள், திருப்பதிலயும் திருவனந்தபுரத்துலயும் இருக்கு, அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ், நுழைவுத்தேர்வு பேரு ஐஏடி, பிளஸ் டூல மேத்ஸ் எடுக்காத பயாலஜி பசங்களும் எழுதலாம், ஆனா கேள்வித்தாள்ல மேத்ஸ் வரும், அதுக்குப் படிக்கணும். அது கிடைக்கலன்னா குடி ஒண்ணும் முழுகிடல, கவர்மெண்ட் காலேஜ் இல்ல எய்டட் காலேஜ்ல பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி எது கிடைச்சாலும் சேருங்க. போர்டுல முதல் 1 சதவீதத்துக்குள்ள மார்க் இருந்தா இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 80,000. பிஎஸ்சி படிக்கும்போதே சயின்ஸ் அகாடமிகள் நடத்துற சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணி ரெண்டு மாசம் நல்ல லேப்ல போய் நிக்கட்டும், அதுல ஆசை கூடுதா கரையுதான்னு அவளுக்கே தெரிஞ்சுடும். அப்புறம் ஜாம், கேட்-பி நுழைவுத்தேர்வுகள் எழுதி எம்எஸ்சி, உங்களுக்குப் பக்கத்துலயே மதுரை காமராசர் யுனிவர்சிட்டி இருக்கு. அடுத்து நெட் பரிட்சை எழுதி ஜேஆர்எஃப்ங்கற ரிசர்ச் உதவித்தொகை வந்துட்டா பிஎச்டி பண்ண கவர்மெண்ட்தான் நமக்கு மாசம் 37,000 குடுக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன், லட்சக்கணக்குல கட்டி பிரைவேட்ல பயோடெக் சேக்காதீங்க, அதுக்கும் தோட்டத்தத் தொடாதீங்க. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்னு யாராவது கைய நீட்டினா அது மெஷின் பக்கம், இவ கேக்குறது அது இல்ல.

நாள் ஆகும்க்கா, மறைக்க விரும்பல. பிஎச்டி முடிக்க 28, 29 ஆயிடும், அதுக்கப்புறமும் நிரந்தர வேலைக்கு சில வருஷம் அலையணும். எம்பிபிஎஸ் படிச்சு எம்டி முடிக்கிறவங்களும் கிட்டத்தட்ட அந்த வயசுதான், அவங்களுக்கு மட்டும் யாரும் கல்யாணக் கணக்குப் போடுறதில்ல. பெங்களூர், ஹைதராபாத் மருந்து கம்பெனிகள்ல இந்த என்சைம் வேலைக்கே ஆள் எடுக்குறாங்க, எம்எஸ்சியோட நிறுத்திட்டும் போகலாம், டாக்டர் சம்பளம் முதல்ல வராது. கடன் இல்லாம வர்ற சம்பளம்ங்கறத பெரியப்பாகிட்ட பேப்பர்ல போட்டுக் காட்டுங்க. அப்பவும் அவர் எம்பிபிஎஸ்தான்னு நின்னா, அவர் பங்குத் தோட்டத்த முதல்ல விக்கச் சொல்லுங்க.