செக்ரட்டரி அறையில் உட்கார்ந்து ராஜினாமா எழுதலாமா?

பள்ளிகளில் வேலை பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, மும்பை செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஹெட் கிளார்க் ஒருவர் பதில் சொல்லும் பகுதி.

அக்கா, நான் எஸ்.எஸ்.சி. போர்டு ஹைஸ்கூல் ஒன்றில் சயின்ஸ் டீச்சர். தனியார் டிரஸ்ட் நடத்தும் பள்ளி. பதினோரு வருஷ சர்வீஸ், பர்மனென்ட். ஒரு பெற்றோர் என்மேல் புகார் கொடுத்ததாகச் சொல்லி செக்ரட்டரி அறைக்குக் கூப்பிட்டார்கள். "இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்ல சர்டிஃபிகேட் தருகிறோம். இல்லையென்றால் என்கொயரி வைப்போம், பெயர் கெட்டுவிடும்" என்றார்கள். ஒரு வாரம் டைம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டிரஸ்ட் சேர்மன் நல்ல மனிதர் என்கிறார்கள். அவரைப் பார்த்து முறையிடலாமா?
– பெயர் வேண்டாம், முலுண்ட்

டைம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தீர்களே, அதுவே பெரிய காரியம் அம்மா. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் அவர்கள் நீட்டிய பேனாவாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, அப்புறம்தான் எழுதுகிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் தனியார் பள்ளி ஊழியர்களுக்கென்றே 1977ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான விதிகள் 1981ல் வந்தன. மகாராஷ்டிரா எம்ப்ளாயீஸ் ஆஃப் பிரைவேட் ஸ்கூல்ஸ் என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி பள்ளி ஆபீஸ்களில் எம்.இ.பி.எஸ். என்போம். சட்டத்தின் 7ஆம் பிரிவு ராஜினாமா பற்றியது. விலக நினைக்கும் ஊழியர் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, இரண்டிலும் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒன்றைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டு மற்றதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கட்டடத்தில் மாடியில் உட்கார்ந்திருக்கிற செக்ரட்டரிக்கு எதற்குத் தபால் என்று கேட்பார்கள். இந்த மாதிரி அறைக்குள் கூப்பிட்டு எழுதி வாங்குவதைத் தடுக்கத்தான். மிரட்டி வாங்கிய கடிதத்துக்குத் தபால் ரசீது இருக்காதே! அதற்காக ரசீது இல்லாத ராஜினாமா எல்லாமே செல்லாது என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் மனமுவந்துதான் எழுதினீர்கள் என்று நிர்வாகம் நிரூபித்துவிட்டால், தபாலில் வரவில்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. எழுதாமல் இருப்பதே நல்லது.

டைம் முடிகிற அன்று வாயால் பதில் சொல்லாதீர்கள். நாலு வரிக் கடிதம் போதும்: ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, இன்ன தேதியில் இன்ன இடத்தில் என்னிடம் ராஜினாமா கேட்கப்பட்டது, புகார் இருந்தால் அதன் நகலை எழுத்தில் கொடுங்கள், பதில் தருகிறேன். ஆபீஸில் கொடுத்து, கடிதம் வந்ததைப் பதிவு செய்யும் இன்வர்டு நம்பரும் ஸீலும் வாங்குங்கள். "மேடம் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்று கிளார்க் தலையைச் சொறிந்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள், அவரும் சம்பளக்காரர்தான். நேராகப் போஸ்ட் ஆபீஸ் போங்கள். 2025ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட், கூடவே பதிவு என்று கேட்டு வாங்கி, ரசீதை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ரசீது மை ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

என்கொயரி என்று பயமுறுத்துகிறார்கள் அல்லவா? உங்களைப் போன்ற பர்மனென்ட் ஊழியரைத் தண்டனையாக வேலையை விட்டு அனுப்ப வேண்டுமானால் அவர்கள் என்கொயரி வைத்தே ஆக வேண்டும். அது உங்களுக்கான பாதுகாப்பு. கமிட்டியில் மூன்று பேர். ஒருவர் நிர்வாகத்தின் ஆள். இன்னொருவர் நீங்கள் நியமிக்கும் ஆள், எந்தத் தனியார் பள்ளி ஊழியராகவும் இருக்கலாம். மூன்றாமவரை மாநில விருதோ தேசிய விருதோ பெற்ற ஆசிரியர்கள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். குற்றச்சாட்டை எழுதித் தர வேண்டும், சாட்சிகளை நீங்கள் குறுக்கே கேள்வி கேட்கலாம். சாதாரணமாக 120 நாளுக்குள் முடிக்க வேண்டும். கமிட்டியைச் சரியாக அமைக்காத ஒரே காரணத்துக்காக விழுந்த வழக்குகள் ஏராளம். இவ்வளவு வேலை இருப்பதால்தான் செக்ரட்டரிகள் ராஜினாமாக் கடிதத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள். உங்கள் தரப்பு ஆளை மட்டும் யோசித்துப் போடுங்கள். பயந்த சுபாவக்காரர் வேண்டாம். நோட்ஸ் எடுக்கத் தெரிந்தவராக, மராத்தியில் எழுதப்படும் மினிட்ஸைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கட்டும்.

சேர்மனைப் போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் நீக்க உத்தரவு என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால், அது கிடைத்த தேதியிலிருந்து 30 நாளுக்குள், பள்ளி ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான ஸ்கூல் டிரிப்யூனலில் அப்பீல் போட வேண்டும். இது 9ஆம் பிரிவு. சேர்மனுக்குக் கொடுத்த மனு, கல்வி ஆய்வாளருக்குக் கொடுத்த மனு, கார்ப்பரேட்டர் சிபாரிசு எதுவும் அந்த 30 நாளை நிறுத்தி வைக்காது. எனக்குத் தெரிந்த பி.டி. மாஸ்டர் ஒருவருக்குத் தீபாவளி லீவு விடுகிற சமயம் பார்த்து ஆர்டர் கொடுத்தார்கள். டிரஸ்டிகள் வெளியூர் போயிருக்கிறார்கள், வந்ததும் மீட்டிங் போட்டு நல்லபடி முடித்துவிடலாம் என்றார்கள். மீட்டிங்கும் போட்டார்கள், டீயும் கொடுத்தார்கள். அதற்குள் காலக்கெடு முடிந்திருந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க டிரிப்யூனலுக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் அந்த ஒரு விஷயத்தை வாதாடுவதற்குள் மனிதருக்கு அடுத்த கல்வி ஆண்டே ஓடிவிட்டது. அதனால் ஆர்டரைப் பியூன் நேரில் கொண்டுவந்தால் கையெழுத்தோடு தேதியும் போடுங்கள். தபாலில் வந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள், முத்திரைத் தேதி வேண்டியிருக்கும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். அப்பீல் மனு மறுபக்கம் வக்கீலிடம் தயாராகட்டும்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீக்க உத்தரவை டிரிப்யூனல் ரத்து செய்து, பழைய வேலையில் சேர்த்து, சம்பள பாக்கியும் கொடுக்கச் சொல்லலாம். தண்டனையைக் குறைக்கலாம். திரும்பச் சேர்ப்பது சரிவராது என்று நினைத்தால், பத்து வருஷமும் அதற்கு மேலும் சர்வீஸ் உள்ளவருக்கு 12 மாதச் சம்பளம், அதற்குக் குறைந்தவருக்கு 6 மாதச் சம்பளம் இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லலாம். உங்களுக்குப் பதினோரு வருஷம் என்பதால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தேதியை ஒருமுறை சரிபாருங்கள். தேதி ஒரு இடத்தில் ஒன்றும் சர்வீஸ் புக்கில் வேறொன்றுமாக இருக்கிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கிளார்க். எனக்குப் பின்னால் சேர்ந்தவரை ஹெட் கிளார்க் ஆக்கிவிட்டார்கள். இந்தச் சட்டமெல்லாம் டீச்சர்களுக்குத்தானே?
– ஒரு வாசகர், சயான்

எல்லாருக்கும்தான், தம்பி. ஊழியர் என்றால் ஆசிரியர், ஆசிரியரல்லாதவர் இருவரும் என்று சட்டமே சொல்கிறது. லேப் அசிஸ்டன்ட், பியூன் எல்லாரும் அதில் வருவார்கள். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி கொடுக்காதவர்கள்கூட இதை மறுக்க முடியாது.

பதவி உயர்வில் உங்களைத் தாண்டி வேறொருவரை நியமித்தாலும் அப்பீல் உண்டு. அதற்கும் அதே 30 நாள். ஆனால் உங்கள் வழக்கின் உயிர் சீனியாரிட்டி லிஸ்டில் இருக்கிறது. நிர்வாகம் அதைத் தயாரித்து ஊழியர்களுக்குச் சுற்றுக்கு விட வேண்டும். தகராறு இருந்தால் கல்வி அதிகாரி முடிவு செய்வார். மும்பையில் அந்த நாற்காலியில் இருப்பவரைக் கல்வி ஆய்வாளர் என்கிறோம். வருஷா வருஷம் லிஸ்ட் வந்தபோது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

ஒன்று கவனியுங்கள்: டைம்டேபிள் சரியில்லை, மெமோ கொடுத்தார்கள், ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள் என்பதற்கெல்லாம் டிரிப்யூனல் கதவு திறக்காது. வேலை போனது, பதவி இறக்கியது, பதவி உயர்வில் தாண்டியது, இவ்வளவுதான் அதன் எல்லை. மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுத்து, பர்சனல் ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிலில்லாத மெமோக்கள்தான் பின்னால் குற்றப்பத்திரிகையாக எழுந்து வரும்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30ல் ரிலீவ் பண்ணிவிட்டு ஜூனில் மறுபடி ஆர்டர் தருகிறார்கள். நான்கு வருஷமாக இப்படி. இரண்டு வருஷம் முடிந்தால் தானாகவே பர்மனென்ட் என்கிறார் என் தோழி. நிஜமா?
– தாராவி வாசகி

உங்கள் தோழி சொல்வதில் பாதி நிஜம். காலியான நிரந்தர இடத்தில், தகுதியுள்ளவரை முறைப்படி புரொபேஷனில் நியமித்தால், இரண்டு வருஷம் (சிக்ஷண் சேவக் எனப்படும் புரொபேஷனரி உதவி ஆசிரியர் என்றால் மூன்று வருஷம்) முடிந்ததும் அவர் நிரந்தரமானவராகக் கருதப்படுவார். ஆனால் உங்கள் ஆர்டரில் "தற்காலிகம், இந்தக் கல்வி ஆண்டுக்கு மட்டும்" என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வருஷத்தைக் கூட்டி மட்டும் உரிமை கேட்க முடியாது. இந்த மாதிரி குறிப்பிட்ட கால நியமனங்களில் நிர்வாகத்துக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நம்பிக்கை இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். விளம்பரம் கொடுத்து, இன்டர்வியூ நடத்தி எடுத்தார்களா? அந்த இடம் உண்மையில் நிரந்தரமானதா, லீவில் போனவருக்குப் பதிலாகவா? கல்வி ஆய்வாளர் ஒப்புதல் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? நான்கு ஆர்டரையும் எடுத்துக்கொண்டு, ஏப்ரலுக்கு முன்னாலேயே, ஸ்கூல் டிரிப்யூனலில் வழக்கு நடத்திப் பழகிய வக்கீலைப் பாருங்கள். ஃபேமிலி கோர்ட் வக்கீல் உறவுக்காரர் என்பதற்காக அவரிடம் போகாதீர்கள். நீங்கள் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் இருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. அது உள்ளாட்சிப் பணி, விதிகளே வேறு.

டெல்லியில் தனியார் பள்ளி பஸ் டிரைவர் நான். பஸ்ஸைக் கான்ட்ராக்டுக்கு விடப்போகிறோம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்கெல்லாம் அப்பீல் உண்டா மேடம்?
– மயூர் விஹார் வாசகர்

உண்டு. அதிலும் உங்களுக்கு முன்னால் ஒரு டிரைவரே வழி போட்டு வைத்திருக்கிறார். ராஜ் குமார் என்பவரை ஒரு தனியார் பள்ளி ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பியது. 2016ல் உச்ச நீதிமன்றம், கல்வி இயக்குநரின் முன் ஒப்புதல் வாங்காமல் அனுப்பியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அரசு உதவி வாங்காத பள்ளிக்கும் அந்த விதி உண்டு என்றும் சொன்னது.

டெல்லிக்கு 1973ஆம் வருஷப் பள்ளிக் கல்விச் சட்டம். அதன் 8ஆம் பிரிவுதான் உங்கள் பிரிவு. டிஸ்மிஸ் செய்யவும் பதவி இறக்கவும் இயக்குநரின் முன் ஒப்புதல் வேண்டும். உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் டெல்லி ஸ்கூல் டிரிப்யூனலில் அப்பீல் போடலாம். மும்பைக்காரர்களுக்கு 30 நாள், உங்களுக்கு மூன்று மாதம்! பொறாமையாக இருக்கிறது. சஸ்பெண்ட் செய்யவும் ஒப்புதல் வேண்டும். பெரிய தவறு என்று சொல்லி உடனே சஸ்பெண்ட் செய்தாலும், இயக்குநர் ஒப்புதல் தராவிட்டால் 15 நாளுக்குமேல் அது நிற்காது.

உங்கள் பள்ளி சிறுபான்மையினர் பள்ளியா என்று மட்டும் விசாரியுங்கள். அப்படியானால் முன் ஒப்புதல் விதி பொருந்தாது. ஆனால் டிரிப்யூனலுக்குப் போகும் உரிமை அங்கேயும் உண்டு என்று 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னால் நின்றுவிடாதீர்கள். வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள், கேட்டில் தடுத்தால் அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். தானாக வேலையை விட்டுவிட்டார் என்று பின்னால் கதை கட்டுவார்கள்.

அந்தேரியில் ஒரு கோச்சிங் கிளாஸில் கணக்கு எடுக்கிறேன். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, இப்போது வேலையும் இல்லை. எங்கே அப்பீல் போடுவது?
– வாசகர்

உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கோச்சிங் கிளாஸ் அங்கீகாரம் பெற்ற பள்ளி இல்லை, ஆகவே ஸ்கூல் டிரிப்யூனல் கிடையாது. லேபர் கோர்ட்டும் கஷ்டம். கோவாவில் பள்ளி ஆசிரியையாக இருந்து 1975ல் வேலையிழந்த சுந்தராம்பாள் என்பவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1988ல் வந்த தீர்ப்பு, அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்றது. நம் ஊர்ப் பெயரில் நமக்கு எதிராக ஒரு தீர்ப்பு, என்ன செய்வது.

சம்பள பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். முக்கால்வாசி கிளாஸ்காரர்கள் அட்மிஷன் சீசனில் வழக்கு வருவதை விரும்ப மாட்டார்கள், ஏப்ரல், மே பார்த்து அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஒப்பந்தம் என்று தாள் எதுவும் இல்லாவிட்டால், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய பேட்ச் டைம்டேபிளையும் முந்தின மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். போனை மாற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால்.