நான்கு காலி அறைகள்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ஃப்ரீசெல் என்ற, திரையில் ஒருவரே ஆடும் சீட்டாட்டத்தை ஆடிப் பழகுகிறேன். பத்து ஆட்டத்தில் இரண்டு முடிந்தாலே அதிகம். எனக்குச் சீட்டு ராசி இல்லையோ என்று தோன்றுகிறது. வைத்த சீட்டைத் திரும்ப எடுக்கும் அன்டூ பொத்தானை அழுத்துவது தப்பா? எந்தச் செயலி நல்லது? இதெல்லாம் வெட்டி வேலையா?

ம.

அன்புள்ள ம.,

செயலி எதுவானாலும் சரி. வெட்டி வேலையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் விடாமல் ஆடியவர் நீங்கள்.

ராசி என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சுருக்கென்றது. இந்த ஆட்டத்தில் கவிழ்த்த சீட்டு ஒன்றுகூடக் கிடையாது. எட்டு வரிசையில் 52 சீட்டும் முகம் காட்டிக் கிடக்கின்றன. ஏஸில் தொடங்கி ராஜாவரை இனம் இனமாக மேலே ஏற்றி முடிக்க வேண்டும். அதுவரை வரிசையில் ஒரு சீட்டின் மேல் அதைவிட ஒன்று குறைந்த, மாற்று நிறச் சீட்டு உட்காரும். இடையில் அறைக்கு ஒன்றாகச் சீட்டை ஒதுக்கி வைக்க நான்கு காலி அறைகள். 1978-இல் பால் ஆல்ஃபில் இதைக் கணினிக்கு எழுதியபோதே சீட்டெல்லாம் முகம் காட்டித்தான் கிடந்தன. பழைய விண்டோஸில் இருந்த 32,000 ஆட்டங்களைப் பின்னாளில் இணையத்தில் பலர் பங்குபோட்டு ஆடித் தீர்த்தார்கள். தீராமல் நின்றது ஒன்றுதான்: 11982-ஆம் எண். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. உங்கள் தோல்விக்குச் சீட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது அக்கா. ஆட்டம் விரிந்ததும் என் கையிலிருந்து மவுஸை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு திரையில் விரல் வைத்து நான்கு ஏஸும் நான்கு இரண்டும் எங்கே புதைந்திருக்கின்றன என்று தேடுவாள். ஒருநாள் இஸ்பேட் ஏஸ் ஒரு ராஜாவுக்கு அடியில் மாட்டியிருந்தது. அவள் வருவதற்குள் அவசரப்பட்டு ஒன்பதை ஓர் அறையில் போட்டேன், ஜாக்கியை இன்னொன்றில், அந்த ராஜாவை மூன்றாவதில். ஏஸ் வெளியே வந்துவிட்டது. எனக்கோ ஒரே குஷி. அக்கா கேட்டாள்: "உள்ளே வச்சுட்டே. ராஜா எப்படி வெளியே வருவான்?"

ராஜாவை எந்தச் சீட்டின் மேலும் வைக்க முடியாது. காலியான வரிசை ஒன்று கிடைக்கும்வரை, அல்லது அவன் இனத்தில் ராணிவரை மேலே ஏறி முடியும்வரை, அவன் அந்த அறையை விடமாட்டான். நான்கு அறையும் காலி என்றால் வரிசையாக அடுக்கிய ஐந்து சீட்டை ஒரே மூச்சில் நகர்த்தலாம். மூன்று அடைந்துவிட்டால் இரண்டுதான். ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தால் அந்த ஐந்து பத்தாகும். அந்த வரிசையை உண்டாக்கத்தான் அறைகள். நீங்களோ கைக்குத் தொந்தரவான சீட்டை எல்லாம் அதில் திணிக்கிறீர்கள். கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் பத்துக்கு இரண்டு என்றால் அதுதான் நடக்கிறது. ஒரு சீட்டை அறையில் வைக்கும் முன், அது எந்தச் சீட்டின் மேல் திரும்பி வந்து உட்காரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையா, வைக்காதீர்கள். நான் இன்றும் சொல்கிறேன். அக்கா இல்லை இப்போது. அந்தக் கேள்வி மட்டும் அவள் குரலிலேயே கேட்கிறது.

அன்டூ தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகாதீர்கள். தோற்றால் முதலிலிருந்து அதே ஆட்டத்தைத் தொடங்குங்கள். இன்று தோற்றதன் எண்ணைக் குறித்து வையுங்கள். அது முடியும்வரை புதியதைத் திறக்க வேண்டாம். முடித்த அன்று எண்ணோடு எனக்கு எழுதுங்கள், நானும் ஆடிப் பார்க்கிறேன்.