கரும்பொருளா, ஈர்ப்பு விதியில் திருத்தமா?

கேள்வி: கேலக்ஸிகளில் கூடுதல் ஈர்ப்பைத் தருவதாகச் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இன்னும் எந்தக் கருவியிலும் சிக்கவில்லை. ஈர்ப்பு விதியைத் திருத்திவிட்டால் அது தேவையே இல்லை என்கிறார்களே, நெசமாங்க? நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒரு கேலக்ஸிக்குள் மட்டும் பார்த்தால், பெரும்பாலும் நிஜம்தான். நியூட்டன் கணக்குப்படி வெளி விளிம்பில் சுற்றுவேகம் குறைய வேண்டும்; அளந்தால் குறைவதில்லை. முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீ/வி²க்குக் கீழே போனால் விதியே மாறுகிறது என்றார் இஸ்ரேலிய இயற்பியலாளர் மோர்தெஹாய் மில்க்ரோம், 1983இல். பூமியின் ஈர்ப்பில் இது 8,000 கோடியில் ஒரு பங்கு. இந்தக் கொள்கைக்கு ‘மாண்ட்’ என்று பெயர்.

கால்குலேட்டரை எடுங்கள். ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹. கேலக்ஸியின் நிறை 10,000 கோடி சூரியன்கள், அதாவது 2 × 10⁴¹ கிலோ என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி, மேலே சொன்ன 1.2 × 10⁻¹⁰ஆலும் பெருக்கினால் 1.6 × 10²¹ வரும். வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்துங்கள்: 2 லட்சம் மீ/வி, அதாவது விநாடிக்கு 200 கி.மீ. இந்த நிறையுள்ள சுருள் கேலக்ஸிகளில் அளக்கும் வேகமும் ஏறக்குறைய இதுவே. கரும்பொருளைத் துளியும் சேர்க்காமல் இவ்வளவு பொருந்துவதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

கணக்கு பிசகும் இடங்கள் இரண்டு. விண்மீன்களை மட்டும் எண்ணி ஹைட்ரஜன் வாயுவை விட்டுவிடுவது ஒன்று. சிறு கேலக்ஸிகள் பலவற்றில் வாயுதான் அதிகம். மற்றொன்று சாய்வு. முழு வட்டமாகத் தெரியும் நிலையிலிருந்து 30 டிகிரி மட்டுமே சாய்ந்த கேலக்ஸியில் உண்மையான வேகத்தில் பாதிதான் நமக்குத் தெரியும், சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்துத்தான் திருத்த வேண்டும். அதில் வேகம் 10 சதவீதம் கூடிப்போனால், மேலே உள்ள கணக்கில் நிறை வேகத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் நிறை 46 சதவீதம் கூடிவிடும்.

கேலக்ஸிக் கொத்துகளுக்குப் போனால் மாண்ட் தடுமாறுகிறது. அதன் கணக்கைப் போட்ட பிறகும் கண்ணுக்குத் தெரிவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நிறை வேண்டியிருக்கிறது. மோதிக்கொண்ட ‘புல்லட்’ கொத்தில் வாயுதான் விண்மீன்களைவிடப் பல மடங்கு கனம். ஆனால் ஒளி வளைவதை வைத்து 2006இல் பார்த்தபோது ஈர்ப்பின் மையங்கள் வாயுவை விட்டு விலகி, கேலக்ஸிகளோடு இருந்தன. ஆகவே இன்றைக்குக் கரும்பொருளை முழுதாகக் கைவிட முடியாது என்பதே எங்கள் முடிவு.

கேள்வி: ஊட்டி முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கியில் இந்த வேகத்தை அளக்கலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: முடியாது. அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் 1,420 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. ஊட்டி ஏற்பதோ 326.5ஐ ஒட்டிய அலைகளை. விநாடிக்கு 200 கி.மீ. வேகம் 1,420ஐ ஏறத்தாழ 0.95 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும். அந்த நகர்வைத்தான் அளக்க வேண்டும். புனே அருகே, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி அதற்கு ஏற்றது.